கல்மனசு ஓடிய சனிக்கிழமை

6 ஜூன்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

மானம் போகிற விஷயத்தை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். போன வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நாற்பத்தேழு வயது முடிந்த உன் புருஷனாகிய நான், எங்கள் பெரிய இன்ஜினியரின் மேஜைக்கு அடியில் நாலுகால் பிராணியாக நின்றுகொண்டிருந்தேன்.

காரணம் நீதான். "மாற்றல் மனுவைத் தபாலில் போடாதீர்கள், நேரே கையில் கொடுங்கள்" என்று மூன்று கடிதமாக எழுதிக்கொண்டிருந்தாய் அல்லவா? கொண்டுபோனேன். மூன்று தாளையும் சேர்த்து ஒரு குண்டூசி குத்தியிருந்தேன். நீட்டும்போதே குண்டூசி கழன்று மேஜைக்கு அடியில் போய்விட்டது. பெரியவர் ஆபீஸில் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவர். அந்தக் காலில் அது ஏறினால் மாற்றல் என்ன, வேலையே ஏறி இறங்கிவிடும். குனிந்தேன்.

தேடிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது. "ஏய்யா, நீ நாள் பூரா நம்பரையே பாக்கிறவன்தானே? இதுல எது ஓடும், சொல்லு." மேஜை விளிம்பைத் தாண்டி ஒரு புத்தகம் கீழே இறங்கியது. ரேஸ் புத்தகம்! ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் பக்கத்தில் நாலைந்து எண்கள். முந்தின பந்தயங்களில் அது எத்தனையாவதாக வந்தது என்பதாம். அப்போது எனக்கு அதுகூடத் தெரியாது. 'வாயாடி' என்று ஒரு குதிரைக்கு 1 2 5 8 0 என்று போட்டிருந்தது. ஒன்றில் ஆரம்பிக்கிறதே, நல்ல குடும்பத்துக் குதிரையாக இருக்கும் என்று தோன்றியது. பெயரும் நமக்குப் பழக்கப்பட்டதுதான் (கோபித்துக்கொள்ளாதே). "வாயாடி சார்" என்றேன். தலையைத் தூக்கினேன். மேஜையில் இடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வாயாடி முதலில் வந்துவிட்டது.

இன்று காலை பெரியவர் படியிறங்கி மீட்டர் ரூமுக்கே வந்தார். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. நீதான் பார்த்திருக்கிறாயே, தரைக்குக் கீழே இருக்கிற ரூம். உயரத்தில் ஒரு ஜன்னல், அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பெஞ்சில் இருபத்துநாலு தண்ணி மீட்டர் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் நூறு லிட்டர் ஓடி முடிகிறவரை நான் எழுந்திருக்கக்கூடாது. அவர் வந்து ஈரத்தில் நின்றார்.

"எங்கேய்யா கத்துக்கிட்ட?"

"சார், அந்த மனு..."

"மனுவா? என் டிராயர்ல பத்திரமா இருக்கு. உன்னை அனுப்பிட்டு நான் யார்கிட்ட கேக்கிறது? சனிக்கிழமைக்கு ஒண்ணு சொல்லு, அப்புறம் பாப்போம்."

மாட்டிக்கொண்டேன். நீ ஆஸ்பத்திரி வேலைக்காக அந்த ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்குள் ஒரு மனுவைக் கொடுக்க எனக்குத் தைரியம் வந்ததே இப்போதுதான். வந்த அன்றைக்கே ஒரு குதிரை அதை மிதித்துவிட்டது. பாப்பாவுக்கு என் முத்தம். உன் அப்பாவுக்கு என் வணக்கம், தூரத்திலிருந்து.

தலையில் புடைப்போடு,
உன் பாப்பா அப்பா


12 ஜூன்

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்று படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டாம் தடவை படித்தபோது அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன். நோயாளியின் சீட்டில் கடைசி வரிதான் இன்றைய நிலைமை. போன மாசம் காய்ச்சல் இல்லை என்று முதல் வரியில் எழுதியிருக்கிறதே என்று யாரையாவது வீட்டுக்கு அனுப்புவோமா? குதிரையின் எண்களும் அப்படித்தானாம். வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசியாக ஓடியது. சைபர் என்றால் முதல் ஒன்பதில்கூட வரவில்லை என்று அர்த்தம். உங்கள் வாயாடி ஒவ்வொரு பந்தயமாகச் சறுக்கிக்கொண்டே வந்த குதிரை. நீங்கள் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஏழாம் படுக்கைக்காரர். பழைய ஜாக்கி. தொடை எலும்பு முறிந்து, காலைக் கப்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வார்டு முழுக்க அவருக்குப் பெயர் தொங்குகால். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். உங்கள் கதையைச் சொன்னேன். "சிஸ்டர், வீட்டுக்காரரை இங்க கூட்டிட்டு வாங்க, அந்த அதிர்ஷ்டத்தை என் கால்ல கட்டுங்க" என்றார்.

தெரியாமல் சொன்னேன் என்று பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு மனுவுக்குக் கையெழுத்து கேளுங்கள். இதில் என்ன கஷ்டம்?

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. பாப்பா உயரம் கூடிவிட்டாள், பழைய ஷூ கடிக்கிறது என்கிறாள்.

உங்கள்
பாப்பா அம்மா


20 ஜூன்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

சொன்னேன். உண்மையைச் சொன்னேன். "சார், எனக்கு ஒரு எழவும் தெரியாது, புத்தகத்தைத் தலைகீழாகப் படிச்சேன்" என்றேன். பெரியவர் என் தோளில் கையைப் போட்டு டைப்பிஸ்ட் அம்மாளைக் கூப்பிட்டார். "பாத்தீங்களா? விஷயம் தெரிஞ்சவன் இப்படித்தான் பேசுவான்." இந்த உலகத்தில் பொய்யை நம்பவைப்பது சுலபம். உண்மையைச் சொன்னால் தன்னடக்கம் என்று மாலை போடுகிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. போன சனிக்கிழமைக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்றார். நீ எழுதினபடி வலது ஓரத்திலிருந்து படித்தேன். ராணித்தேனீ, 9 7 4 2. ஏறுமுகம். "இதுவா இருக்கலாம் சார்" என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். அதுவும் ஜெயித்துவிட்டது. முதல் தடவை ஜெயித்தது என் அறியாமை. இரண்டாம் தடவை ஜெயித்தது உன் அறிவு. நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

இப்போது மீட்டர் ரூம் ஜோசியர் வீடு மாதிரி ஆகிவிட்டது. ஸ்டோர்கீப்பர் வால்வு கொடுக்க வருகிற சாக்கில் வந்து அரைமணி நேரம் நிற்கிறான். டைப்பிஸ்ட் அம்மாள் இத்தனை வருஷமாக என்னை "அந்தக் கீழ்ரூம் ஆளு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தவள். நேற்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பின்னால் ஒரு 'சார்' வேறு. யாரையோ கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். கைவைத்த நாற்காலி ஒன்று மேலேயிருந்து இறங்கியிருக்கிறது. பெரியவரின் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கு டீ வருகிறது. சர்க்கரை தூக்கல்.

இந்தப் பந்தயத்தில் ஒரு அநியாயம் தெரியுமா? நன்றாக ஓடுகிற குதிரைக்குச் சேணத்தில் ஈயத்தகட்டைச் செருகி எடை ஏற்றுவார்களாம். சுமாராக ஓடுகிறதுக்கு எடை குறைவு. எல்லாம் ஒன்றாக வந்து சேரவேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் ஆபீஸிலும் அதே சட்டம்தான், ஈயத்துக்குப் பதில் ஃபைல். பதினாலு வருஷம் நான் வெறும் முதுகோடு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது யாரோ தகடு செருகிவிட்டார்கள்.

மனுவைப் பற்றிக் கேட்டேன். "அடுத்த மாசம் பெரிய கோப்பை பந்தயம் வருதுய்யா, அது முடியட்டும்" என்கிறார். நான் என்ன செய்ய? நீ கோபப்படுவாய் என்று தெரியும். உன் அப்பா சந்தோஷப்படுவார் என்றும் தெரியும். நான் வந்தால் என் செருப்பை வாசலை நோக்கித் திருப்பி வைக்கிற வேலை அவருக்கு மிச்சம்.

உன்
பாப்பா அப்பா


1 ஜூலை

பாப்பா அப்பாவுக்கு,

செருப்பைத் திருப்பி வைத்தது ஒரே ஒரு தடவை. அதுவும் பெருக்குவதற்காக. நாலு வருஷமாக அதை நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் ஜெயிக்கிற குதிரையாகச் சொல்வதால்தான் பெரியவர் விடமாட்டேன் என்கிறார். அப்படியானால் தோற்கிற குதிரையாகச் சொல்லுங்கள். நாலு வாரம் தொடர்ந்து தோற்றால் அவரே கையெழுத்துப் போட்டு பஸ் ஏற்றிவிடுவார். டைப்பிஸ்ட் அம்மாள் பழையபடி 'கீழ்ரூம் ஆளு' என்பாள். அதனால் என்ன?

தொங்குகாலிடம் கேட்டேன். கட்டு மாற்றும்போது வலி தெரியாமல் இருக்க யாராவது அவரைக் குதிரை பற்றிப் பேசவைக்க வேண்டும், அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. "சிஸ்டர், ஜெயிக்கிற குதிரையைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். அதுக்கு எல்லாம் கூடி வரணும். தோக்கிறதுக்கு ஒண்ணு சரியில்லன்னாப் போதும்" என்றார். கேட்டதும் எனக்கு ஏனோ கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

அவர் சொன்னது இதுதான். எண்களை மட்டும் பார்க்காதீர்கள். குட்டை ஓட்டத்தில் பழகின குதிரையை நீள ஓட்டத்தில் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், பாதி வழியில் மூச்சு வாங்கிவிடும். போன தடவையைவிட எடை ஏறியிருக்கிறதா, ரொம்ப நாள் ஓடாமல் நின்றுவிட்டு வருகிறதா, எப்போதும் ஓட்டுகிற ஜாக்கி அதை விட்டுவிட்டு வேறு குதிரையில் ஏறியிருக்கிறானா என்றும் பாருங்கள். "ஜாக்கி இறங்கிட்டான்னா ஏதோ தெரிஞ்சுதான் இறங்கியிருப்பான்." இத்தனையும் ஒரே குதிரையில் இருந்தால் அதைச் சொல்லுங்கள். தொங்குகாலின் பேப்பரிலும் எல்லா ஊர்ப் பந்தயமும் வருகிறது, சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்.

நான் படித்த படிப்பில் குதிரை வரும் என்று நினைக்கவே இல்லை. மத்தியான ட்யூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்கு மாத்திரை, பாப்பாவுக்குப் பாடம், வாசலில் பால்காரர், அடுப்பில் பால். எங்கேயாவது ஒரு பத்து நிமிஷம் ஓடிப்போய்விடலாமா என்றிருக்கிறது. நீங்கள் ஜன்னலில் கால்களைப் பார்க்கிறீர்கள். இங்கே எனக்கு ஜன்னல் பக்கம் போகவே நேரமில்லை.

உங்கள்
பாப்பா அம்மா


18 ஜூலை

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

தோற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் இதுவரை அதற்காக நான் மெனக்கெட்டதே இல்லை.

இரண்டு வாரமாக உட்கார்ந்து படித்தேன். மீட்டர் ஒரு பக்கம் ஓடுகிறது, நான் ஒரு பக்கம் பென்சிலால் கோடு போடுகிறேன். நாலு நல்ல மீட்டரை 'கோளாறு' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன், அவ்வளவு கவனம். கடைசியில் பட்டாளத்தான் என்று ஒன்றைப் பிடித்தேன். 8 9 0 0. குட்டை ஓட்டக் குதிரை, நீள ஓட்டத்தில் விட்டிருந்தார்கள். எடை ஏற்றம். அறுபது நாள் ஓடவில்லை. பழைய ஜாக்கி இறங்கிவிட்டான். தொங்குகால் பார்த்தால் கண்ணீர் விட்டிருப்பார், அப்படி ஒரு உதவாக்கரை. "கண்ணை மூடிட்டுப் போடுங்க சார்" என்றேன்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மைதானம் சேறு. பட்டாளத்தான் முதல் ஆளாகப் பாய்ந்து முன்னால் போய்விட்டதாம். பின்னால் வந்த நல்ல குதிரைகள் எல்லாம் அது கிளப்பிய சேற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வழுக்கிக்கொண்டு நின்றனவாம். உன் தொங்குகால் ஒரு வார்த்தை சொன்னாரா மழையைப் பற்றி? இன்று பெரியவர் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் வேர்வையில் நனைந்து நான் சட்டையை மாற்றவேண்டியதாயிற்று. "வானத்தையும் பாத்துச் சொல்றான்யா இவன்!"

இருபத்துநாலு மீட்டர் பெஞ்சு இப்போது நாற்பத்தெட்டாகிவிட்டது. எனக்குப் பொழுது போகவேண்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடு. நாற்பத்தெட்டும் ஓடினால் காது அடைக்கிறது. லாயத்துக் குதிரைக்காவது கதவில் மேல்பாதி திறந்திருக்கும், தலையை நீட்டி நாலு பேரைப் பார்க்கலாம். எனக்குக் கால்கள்தான். நேற்று ஒரு பெண்குழந்தையின் கால் போயிற்று, வார் வைத்த ஷூ. பாப்பாவுடையது மாதிரியே இருந்தது. ஆனால் அவளுக்கு அது சிறிசாகிவிட்டது என்று நீ எழுதியிருந்தாய். எனவே அவளாக இருக்கமுடியாது என்று சமாதானம் செய்துகொண்டேன். சிரிக்காதே.

போன தடவை நான் வந்தபோது நடந்ததை உன்னிடம் சொன்னேனா? நீ ட்யூட்டியில் இருந்தாய். பாப்பா கதவைத் திறந்தாள். "வாங்க, உக்காருங்க, அம்மா இப்ப வந்துடுவாங்க" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பள்ளிக்கூட ரிப்போர்ட்டைத் தாத்தாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். எவ்வளவு மரியாதையாக வளர்த்திருக்கிறாய் என்று பெருமையாக இருந்தது. இதை ஜோக்காகத்தான் எழுதுகிறேன்.

அடுத்த தடவை நிச்சயம் தோற்கிறேன். ஒரு நல்ல மோசமான குதிரையாக நீயே பார்த்து அனுப்பு.

உன்
பாப்பா அப்பா


10 ஆகஸ்ட்

பாப்பா அப்பாவுக்கு,

பாப்பா விஷயத்தை நீங்கள் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அன்றைக்கு நீங்கள் ஏன் ஒரு நாள் முன்னாலேயே கிளம்பினீர்கள் என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

கேட்காமல் விட்டதற்குச் சேர்த்து இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுக்கப்போகிறார்கள். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி உலர்த்த இடம். தனியாக இருக்கும் நர்ஸ்களுக்குக் கீழே ஒற்றை அறை. படிவத்தில் 'உடன் வசிப்போர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் நிரப்பிக் கொடுக்கவேண்டும். அதற்குள் நீங்கள் இங்கே வேலையில் சேருவதாகத் தெரிந்தால் உங்கள் பெயரையும் எழுதுவேன்.

அப்பா என் அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். "மாப்பிள்ளைக்கு நான் இருக்கிறது இடைஞ்சல்னா எனக்குத் தெரியாதா? நான் என்ன கல்லா?" என்றார். ஆக, உங்கள் செருப்பு இனி எந்தப் பக்கம் பார்த்தும் இருக்கலாம். மாடி அறையின் ஜன்னலை நானே போய்ப் பார்த்தேன். அதில் மனிதர்கள் முழுசாகத் தெரிகிறார்கள்.

நீங்கள் கேட்ட மோசமான குதிரை இதோ. வருகிற இருபதாம் தேதி சனிக்கிழமை, உங்கள் ஊர்ப் பந்தயம், நாலாவது ஓட்டம், கல்மனசு. 0 0 9 0. நானும் தொங்குகாலும் இரண்டு நாள் பேப்பரை வைத்துப் பார்த்தோம். மழை பெய்தாலும் தோற்கும், வெயில் அடித்தாலும் தோற்கும். சேற்றில் ஓடின இரண்டு தடவையும் கடைசி. "சிஸ்டர், இது மத்த குதிரையெல்லாம் உக்காந்திருந்தாலும் ஜெயிக்காது" என்று அடித்துச் சொன்னார். பெரியவரிடம் இதையே சொல்லுங்கள். அது தோற்றதும் திங்கட்கிழமை டிராயரைத் திறக்கச் சொல்லுங்கள்.

இதற்குமேல் எனக்குக் குதிரை தெரியாது.

உங்கள்
பாப்பா அம்மா


22 ஆகஸ்ட்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நேற்று முழுக்கப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். கல்மனசு ஜெயித்துவிட்டது.

நீ நம்பமாட்டாய். நானே நம்பியிருக்கமாட்டேன், கண்ணால் பார்த்திருக்காவிட்டால். ஆமாம், இந்தத் தடவை பெரியவர் என்னையும் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய தொப்பி ஒன்றை என் தலையில் வைத்துவிட்டார், காது வரை இறங்கியது. கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றோம். கல்மனசைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பழுப்பு நிறம், பின்காலில் ஒன்று மட்டும் வெள்ளை, முகத்தில் ஒரு அசட்டுக் களை. உன் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோது அவன் உட்கார்ந்திருந்தானே, அந்த மாதிரி நின்றது.

கதவு திறந்ததும் எல்லாம் பாய்ந்தன. கல்மனசு ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது. பாதி தூரம் கடைசி. "என்னய்யா இது?" என்று பெரியவர் என் தோளைப் பிடித்தார். எனக்குள் வெள்ளம் மாதிரி சந்தோஷம். மாடி அறை, ஜன்னல், பாப்பா எல்லாம் கண்ணில் வந்து போயிற்று. வளைவில் திரும்பும்போது உள்பக்கமாக ஒரு சந்து விட்டது. அதற்குள் மூக்கை நுழைத்தது பார், அந்தப் பாவி! ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தது. ஐந்தாவது, மூன்றாவது. ஜாக்கி சாட்டையைக்கூட எடுக்கவில்லை. அவனுக்கே பயமாக இருந்திருக்கும். கோட்டுக்கு முன்னால் நாலு அடியில் அரைத் தலை நீளத்தில் முந்திவிட்டது. பெரியவர் தொப்பியைத் தூக்கி எறிந்தார், என் தலையிலிருந்த தொப்பியை. பக்கத்தில் இருந்த ஆள் எவனோ என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான்.

நான் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று டிராயரைப் பற்றிக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவரே சொன்னார். "உன்னை ரிட்டயர் ஆகிறவரை விடறதா இல்லைய்யா." நீயே சொல், நான் என்ன செய்யமுடியும்? சொன்னபடியெல்லாம் செய்தேன். நீயும் உன் ஜாக்கியும் பொறுக்கிக் கொடுத்த குதிரை. விதி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? படிவத்தில் எழுத இன்னும் ஒரு மாசம் தவணை கேட்டுப் பார். அதற்குள் ஏதாவது வழி பிறக்கும். உன் அப்பாவை அவசரப்பட்டு அனுப்பவேண்டாம். அவர் இருந்தால் உனக்கு ஒரு துணை.

பாப்பாவுக்கு இந்தப் பந்தயத்தைச் சொல். அவளுக்குப் பிடிக்கும்.

என்றும் உன்
பாப்பா அப்பா


27 ஆகஸ்ட்

பாப்பா அப்பாவுக்கு,

கடிதம் வியாழக்கிழமை வந்தது. பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குதிரை சந்துக்குள் மூக்கை நுழைக்கிற இடத்தில் கட்டிலின்மேல் எழுந்து நின்று கைதட்டினாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். "அப்பா நல்லாச் சொல்றாரும்மா" என்றாள். உண்மைதான். நீங்கள் எதிரில் உட்கார்ந்து பேசினால் எனக்கு இவ்வளவு சிரிப்பு வந்ததில்லை, கடிதத்தில்தான் வருகிறது.

அப்பா நேற்று அண்ணனோடு கிளம்பிவிட்டார். டாக்ஸியில் ஏறும்போது, "மாப்பிள்ளை வந்ததும் எழுது" என்றார். சரி என்றேன்.

படிவத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். தவணை கேட்கவில்லை. கீழே ஒற்றை அறை கிடைக்கும். இரண்டு கட்டில் போடலாம், நடுவில் பாப்பாவின் மேஜை. எங்கள் இரண்டு பேருக்கு அது போதும். உங்கள் சட்டைகள் மூன்றும், நீங்கள் விட்டுப்போன கண்ணாடிக்கூடும் பார்சலில் வரும். ஒரு சட்டையில் பட்டன் இல்லாமல் இருந்தது, தைத்துவிட்டேன்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். நிஜமாகவே கோபம் இல்லை. இருந்தால் உங்களுக்குத் தெரியும். நாலு வருஷமாக, இன்றைக்கு வருவீர்கள், நாளைக்கு வருவீர்கள் என்று ஒரு தட்டைக் கூடுதலாகக் கழுவிவைக்கிற மாதிரி ஒரு வேலை மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அது நின்றுவிட்டது. நின்றபிறகுதான் அதற்கு எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிகிறது.

பாப்பாவுக்கு எழுதுங்கள். குதிரையைப் பற்றி எழுதினாலும் சரி. ஆஸ்பத்திரி விலாசத்துக்கு வேண்டாம், புது அறையின் நம்பரை அவளே உங்களுக்கு எழுதுவாள். ரிப்போர்ட்டும் அனுப்பச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டு உடனே திருப்பி அனுப்புங்கள், தாமதமானால் அவளை வகுப்பில் நிறுத்திவைப்பார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பாப்பா அம்மா

பி.கு. தொங்குகாலுக்குப் போன திங்கட்கிழமை கட்டு அவிழ்த்தாயிற்று. கைத்தடியோடு வீட்டுக்குப் போனார். போகும்போது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எனக்கு வைத்துவிட்டுப் போனார், ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு. நீங்கள் எழுதின மற்ற சனிக்கிழமைகளை நான் பழைய பேப்பரில் தேடிப் பார்க்கவில்லை. கல்மனசுக்கு வெள்ளிக்கிழமையே முன்னங்கால் வீங்கி, பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். இருபதாம் தேதி அது ஓடவில்லை.